பயமுறுத்துவது பேயா, வீடா?

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி): பழைய கறுப்பு வெள்ளைப் பேய் வீட்டுப் படங்களை எல்லோரும் உயர்வாகப் பேசுகிறார்களே என்று ‘தி ஹான்டிங்’ பார்த்தேன். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் காத்திருந்தும் பேய் வரவே இல்லை. ஒரு கதவு மட்டும் ஆடுகிறது. விடுதியில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். உண்மையிலேயே பயந்தீர்களா, அல்லது சிறு வயது நினைவுக்காகச் சொல்கிறீர்களா?

அக்டோபர் 21, இரவு 9.50

விடுதியில் எத்தனை பேர் சேர்ந்து பார்த்தீர்கள், விளக்கு எரிந்ததா என்று முதலில் சொல்லுங்கள். பத்துப் பேர் கூடி, டியூப் லைட்டைப் போட்டு, கையில் செல்போனை வைத்துக்கொண்டு பார்த்தால் எமனே எருமையில் வந்தாலும் சிரிப்புதான் வரும்.

அந்தப் படத்தில் பேய் வராது. வராமல் எடுத்ததில்தான் கெட்டிக்காரத்தனம். ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய நாவலை ராபர்ட் வைஸ் 1963இல் படமாக்கினார். அதற்கு 2 வருடம் முன்புதான் பெரிய வண்ணப் பாட்டுப் படம் ஒன்றை இன்னொருவருடன் சேர்ந்து இயக்கி ஆஸ்கார் வாங்கியிருந்தார். வண்ணத்துக்குக் காசில்லாமல் கறுப்பு வெள்ளைக்குப் போனவர் அல்லர். இருட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவர்.

கதவு ஆடுகிறது என்கிறீர்கள். ஆடவில்லை அம்மா, மூச்சு விடுகிறது. மரத்தகடுகளை ஒட்டிச் செய்த கதவு அது. பின்னாலிருந்து ஆள் தள்ளினார், முன்னால் அது உப்பியது, அவ்வளவுதான் தந்திரம். அந்தப் பக்கம் யார் என்று கடைசி வரை சொல்லவில்லை பாருங்கள், அதைத்தான் என்னால் 40 வருடமாக மன்னிக்க முடியவில்லை.

என் கட்சி இது: இந்தப் படங்கள் பேயைப் பற்றியவை அல்ல, வீட்டைப் பற்றியவை. பேய் அங்கே குடியிருக்கிறது, அவ்வளவே. எனக்குப் பிடித்த கறுப்பு வெள்ளை வீடுகளைச் சொல்கிறேன்: இந்தியில் ‘மஹல்’, தமிழில் ‘நெஞ்சம் மறப்பதில்லை’, ‘யார் நீ’, ‘அதே கண்கள்’, மலையாளத்தில் ‘பார்கவி நிலையம்’. ஒவ்வொன்றாகப் பாருங்கள். தனியாக. விளக்கை அணைத்துவிட்டு.

அக்டோபர் 21, இரவு 10.35

‘மர்மயோகி’யை விட்டுவிட்டேன். அது வீடு இல்லை, அரண்மனை. ஆனாலும் 1951இல் பேய்க் காட்சிகளுக்காகவே ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய படம். தமிழில் முதல் ‘ஏ’ அதுதான். எம்ஜிஆர் படத்துக்குப் பிள்ளைகளை விடாத காலமும் இருந்திருக்கிறது!

அக்டோபர் 23, காலை 6.20

‘சிறு வயது நினைவுக்காகச் சொல்கிறீர்களா’ என்று கேட்டது இரண்டு நாளாக உறுத்துகிறது. பாதி அதுதான், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாதியில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீடாமங்கலம் பக்கம் ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பிலிருந்து சைக்கிள் மிதித்தால் அரை மணி நேரத்தில் எங்கள் ஊர். ஊருக்கு ஒரு மைல் தள்ளி, வாய்க்கால் கரைத் திடலில் டூரிங் டாக்கீஸ். மேலே கீற்று, கீழே ஆற்று மணல், பக்கவாட்டில் இடுப்புயரத்துக்கு ஒரு தட்டி. தட்டிக்கு மேலே வெட்டவெளி, அதனால்தான் பகல் ஆட்டம் கிடையாது. சீர்காழி கோவிந்தராஜனின் ‘விநாயகனே’ ஒலிபெருக்கியில் கேட்டால் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று பொருள். அந்தப் பாட்டு முடிவதற்குள் வரப்பில் ஓடிப்போய்ச் சேர்ந்துவிடுவோம். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தால், பின்னால் இருப்பவர் முதுகில் ஒரு குத்து விட்டு மேட்டைக் கலைப்பார்.

நகரத்துத் தியேட்டரில் திரைக்கு ஓரம் உண்டு, சுவர் உண்டு, ‘வெளியே’ என்று எழுதிய சிவப்பு விளக்கு உண்டு. எங்கள் கொட்டகையில் அதெல்லாம் இல்லை. திரையில் இருட்டான நடைபாதை தெரியும். அந்த இருட்டு திரையின் ஓரத்தில் முடியாது. அப்படியே இறங்கி, தட்டியைத் தாண்டி, வயலுக்குள் போய்விடும். வயலில் தவளை கத்தும். படத்தில் தவளை இருக்கிறதா, நம் ஊர்த் தவளையா என்று தெரியாது. வண்ணப் படத்தில் இந்தக் குழப்பம் வரவே வராது. திரையில் நீலமும் சிவப்பும் எரிந்துகொண்டிருக்கும், நாம் இங்கே இருப்போம்.

வௌவாலைச் சொல்லாமல் விட முடியாது. புரொஜெக்டரிலிருந்து போகும் ஒளிக்கற்றைக்குள் பூச்சி மொய்க்கும். பூச்சியைப் பிடிக்க வௌவால் வரும். ‘யார் நீ’ படத்தில் வெள்ளைச் சேலைப் பெண் திரும்பும் அதே நேரத்தில், திரையை முழுவதுமாக மூடிக்கொண்டு ஒரு சிறகு போனது. பெண்கள் பகுதியிலிருந்து எழுந்த கூக்குரல் கேட்டு, பக்கத்துக் களத்தில் காவலுக்குப் படுத்திருந்தவர் கம்போடு ஓடிவந்துவிட்டார். 1959இல் வில்லியம் காசில் என்ற அமெரிக்கர் தன் பேய் வீட்டுப் படத்துக்குத் தியேட்டருக்குள்ளேயே கம்பி கட்டி, பார்வையாளர் தலைக்கு மேல் எலும்புக்கூட்டை ஓட விட்டார். அதற்குத் தனியாக ஒரு பெயர் வைத்து விளம்பரமும் செய்தார். எங்களுக்கு இலவசம்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ரீல் மாற்றுவார்கள். ஒற்றை புரொஜெக்டர். கிழவியின் கை கதவில் படும், ‘டப்’ என்று விளக்கு எரியும், முறுக்கு விற்பவன் வருவான். அந்த நேரத்தில் வெளியே போய் ஒதுங்க ஒரு பையனுக்கும் துணிவு இருந்ததில்லை.

அக்டோபர் 24, பகல் 1.10

திருவாரூர்ப் பக்கம் ஆபரேட்டராக இருந்த பெரியவர் என்னைத் திருத்தியிருக்கிறார். 1,000 அடி ரீல் 11 நிமிடம் ஓடும் என்பது சரி, ஆனால் ரீல்களைச் சேர்த்துச் சுற்றி நீளமாக ஓட்டுவதும் உண்டாம். படத்துக்கு 3 அல்லது 4 இடைவேளை என்றுதான் தன் கொட்டகையில் கணக்கு என்கிறார். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் என்றது பயத்தில் எனக்குத் தோன்றிய கணக்கு. ஒத்துக்கொண்டேன்.

அவர் சொன்ன இன்னொன்று நல்ல சரக்கு. கார்பன் குச்சிகள் இரண்டுக்கும் நடுவே எரியும் நெருப்புதான் திரைக்கு வெளிச்சம். குச்சி தேயத் தேய ஆபரேட்டர் நெருக்கி விட வேண்டும். கவனம் தப்பினால் திரை மங்கும், பிறகு சட்டென்று பளிச்சிடும். ‘பேய் வரும் நேரத்தில் விளக்கு மங்கியதென்றால் பாதி இயக்குநர் செய்தது, பாதி நான் பீடி பற்ற வைக்கப் போனது’ என்று எழுதியிருக்கிறார்.

அக்டோபர் 27, இரவு 8.00

‘அதே கண்கள்’ கறுப்பு வெள்ளையா என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம். 1967, ஏவிஎம், முகமூடிக்காரன், பெரிய வீடு, நடு இரவில் பெண்ணின் அலறல். மாடிப்படியின் நிழல் சுவரில் கோடு கோடாக விழுவது இன்னும் கண்ணில் நிற்கிறது. கறுப்பு வெள்ளைதான். இதில் சந்தேகம் வேண்டாம்.

அக்டோபர் 28, இரவு 11.40

வண்ணப் படம்.

இன்று மாலை மருமகன் போட்டுக் காட்டினான். பச்சை, மஞ்சள், ரோஜா நிறம் எல்லாம் கொட்டிக் கிடக்கிறது. அரை மணி நேரம் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் புரிந்தது. 1988 வாக்கில் கும்பகோணத்தில் மாமா வீட்டில் பார்த்தேன். மாமா வீட்டில் இருந்தது மரப்பெட்டிக்குள் வைத்த சாலிடேர் கறுப்பு வெள்ளை டிவி. அதில் எல்லாப் படமும் கறுப்பு வெள்ளைதான். திருவிளையாடலே கறுப்பு வெள்ளைதான்.

நிழலும் அங்கேயே உருவானதுதான் போலிருக்கிறது. வண்ணத்தில் அந்தப் படிக்கட்டு சாதாரணமாக இருக்கிறது. கறுப்பு வெள்ளைதான் பயம் என்று நான் பேசியதற்கு இது சாதகமா பாதகமா என்று யாராவது தீர்ப்புச் சொல்லுங்கள்.

அக்டோபர் 29, காலை 7.15

தீர்ப்பு வந்துவிட்டது. அறிவியல் ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். நம் கண்ணின் விழித்திரையில் குச்சி செல், கூம்பு செல் என்று இரண்டு வகை. நிறம் பார்ப்பது கூம்பு செல். அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் மிகக் குறைந்துவிட்டால் குச்சி செல்கள் மட்டும் வேலை செய்யும், அவற்றுக்கு நிறம் தெரியாது. எனவே மங்கிய நிலவு வெளிச்சத்தில் உலகமே கறுப்பு வெள்ளைதான், பழைய ஒளிப்பதிவாளர் கண்ணுக்கு நேர்மையாக இருந்தார், அவ்வளவுதான் என்கிறார்.

எட்டாம் வகுப்பில் படித்தது. வயது 64 ஆன பிறகு உறைக்கிறது. எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்தது 1974இல். அதற்கு முந்தைய இரவுகள் எல்லாம் எனக்குச் சாம்பல் நிறத்தில்தான் நினைவிருக்கின்றன. படம் பார்த்த பாதிப்பு என்று நினைத்திருந்தேன்.

நவம்பர் 2, இரவு 9.30

‘பேய்ப் படம் என்று போனால் கடைசியில் மனிதன் செய்த சூழ்ச்சி என்று முடித்துவிடுகிறார்கள், ஏமாற்று வேலை’ என்று மாயவரத்துக்காரர் ஒருவர் பொருமியிருக்கிறார். மர்மயோகியில் பேயாக வருவது உயிரோடு இருக்கும் ராஜா. ‘வோ கௌன் தீ’ (1964) என்ற இந்திப் படத்திலும், அதைத் தமிழில் எடுத்த ‘யார் நீ’ (1966) படத்திலும் பேய் இல்லை, சொத்து இருக்கிறது. கதாநாயகனுக்குப் பைத்தியம் பிடித்தால் சொத்து அடுத்த வாரிசுக்குப் போய்விடும், அதற்காக இத்தனை மூடுபனியும் பாட்டும்.

ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். டெல்டாக்காரனுக்கு இதைவிட நம்பகமான பேய் கிடையாது. எங்கள் தெருவில் மட்டும் பூட்டிய வீடுகள் ஆறு. ஒன்றில் அண்ணன் தம்பி வழக்கு. ஒன்றில் வாரிசு மூன்று நாட்டில் இருக்கிறது. ஒன்றில் ‘ராத்திரி அழுகைச் சத்தம் கேட்கிறது’ என்று ஒரு பங்காளியே கிளப்பி விட்டார். விலை இறங்கியதும் வாங்கிக்கொண்டவரும் அவரே. இப்போது அழுகைச் சத்தம் இல்லை, குளிர்சாதனப் பெட்டி சத்தம்தான்.

காலத்தைக் கவனியுங்கள். சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948. அடுத்த வருடம் பம்பாயில் ‘மஹல்’. அதில் அசோக் குமார் வந்து இறங்கும் மாளிகை அரசு ஏலத்தில் வாங்கியது. ‘நெஞ்சம் மறப்பதில்லை’ 1963, பேயாகப் பிடித்து ஆட்டுவது நம்பியார் செய்த ஜமீன்தார். நம் பக்கத்து நில உச்சவரம்புச் சட்டம் 1961, 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1970இல் அதை 15 ஆக்கினார்கள். நிலம் போய்விட்டால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு எல்லாம் எதற்கு? நெல் வராத வீட்டில் பத்தாயம் காலி. காலிப் பத்தாயத்தில் எலி ஓடினாலே மத்தளம் மாதிரி கேட்கும். சட்டத்தால் பேய் உண்டாயிற்று என்று சொல்ல வரவில்லை. பெரிய வீடு, ஆளில்லை, ஆனால் யாரோ இருந்த வாசனை. அந்த வருடங்களில் இந்தக் கதைகளைக் கேட்க ஆள் நிறைய இருந்தார்கள் என்கிறேன்.

நவம்பர் 3, காலை 5.50

‘யார் நீ’யின் முடிவைச் சொல்லிவிட்டேன் என்று திட்டியிருக்கிறீர்கள். வெளிவந்து கிட்டத்தட்ட 60 வருடம் ஆன படம் ஐயா. இன்னும் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

இன்னொன்று. அந்தப் படத்தின் முடிவை நானே வெகுநாள் தப்பாக நினைத்திருந்தேன். எங்கள் கொட்டகையில் ஒரு நாள் ரீலை மாற்றிப் போட்டுவிட்டார்கள். முதலில் குட்டு உடைந்தது, பிறகு அந்தப் பெண் மழையில் மறுபடியும் தோன்றினாள். எனவே குட்டு உடைந்த பிறகும் பேய் மிச்சம் இருக்கிறது என்பதே படத்தின் கருத்து என்று நம்பினேன். ஒழுங்கான வரிசையில் பார்த்தபோது படம் தரம் தாழ்ந்துவிட்டது.

நவம்பர் 8, இரவு 7.25

மழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் போய் ஒரு மணி நேரம். செல்போனில் 30 சதவீதம் இருக்கிறது, அதற்குள் எழுதிவிடுகிறேன்.

அந்த மாணவிக்கு நான் தந்திருக்க வேண்டிய பதில் இதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. மன்னார்குடியில் எங்கள் தெருவில் நின்றிருந்த மின்கம்பங்களை ஒரு கையால் எண்ணிவிடலாம். வெளிச்சம் திரும்ப 19 நாள். தென்னை விழுந்த துக்கம் தனிக் கதை, அதை இங்கே இழுக்கவில்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் ஒரு போனுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு சார்ஜ் ஏற்றிக்கொடுத்தார்கள். மருமகன் அங்கே லேப்டாப்பையும் ஏற்றிக்கொண்டு வந்தான். பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, கூடத்தில் அரிக்கேன் விளக்கைத் தணித்து வைத்துவிட்டு, தெருப் பிள்ளைகள் எட்டுப் பேரோடு பார்த்த படம் எது தெரியுமா? அதே ‘தி ஹான்டிங்’. அவன் கணினியில் அது ஒன்றுதான் இருந்தது. ஆங்கிலம் யாருக்கும் சரியாகப் புரியவில்லை. நான் ஊகித்துச் சொன்ன கதையில் பாதி பொய்.

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. கதவு உப்பியபோது எங்கள் ரேழிக் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். எட்டு தலையும் ஒரே நேரத்தில். நானும்தான்.

ஹென்றி ஜேம்ஸ் கதையை வைத்து 1961இல் வந்த ‘தி இன்னசென்ட்ஸ்’ படத்தில் ஃபிரெடி ஃபிரான்சிஸ் என்ற ஒளிப்பதிவாளர், சினிமாஸ்கோப்பின் அகலம் தொந்தரவாக இருக்கிறது என்று ஃபில்டரின் ஓரங்களில் கையால் சாயம் பூசி இருட்டாக்கினார். நடுவில் மட்டும் வெளிச்சம், ஓரம் கரைந்துபோகும். அரிக்கேன் விளக்கோடு கொல்லைப்புறம் போனவர்களுக்கு அந்தச் சட்டகம் தெரியும். விளக்கை எவ்வளவு நீட்டினாலும் ஓரம் தெரியாது. அவர் பூசிக் கொண்டுவந்தது எங்களுக்குப் பிறவியிலேயே

நவம்பர் 8, இரவு 10.50

சார்ஜ் போய்விட்டது. ‘பிறவியிலேயே கிடைத்தது’ என்று முடிக்க இருந்தேன். இப்போது படித்தால் பெருமை பேசுவது போலிருக்கிறது. மண்ணெண்ணெய் வாசனையில் பாடம் படித்ததில் பெருமை ஒன்றும் இல்லை.

நவம்பர் 11, இரவு 11.20

வெள்ளைச் சேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பேய்க்கு ஏன் எப்போதும் வெள்ளை? தொழில்நுட்பக் காரணம் என்று சொன்னால் கறுப்புப் பின்னணியில் எடுப்பாகத் தெரியும். அதிலும் சுத்த வெள்ளை கேமராவுக்கு ஆகாது, கண்ணைப் பறித்துவிடும். டீத்தண்ணீரில் நனைத்துச் சற்று மங்க வைத்துத்தான் கட்டுவார்கள். பேய் உடுத்தியது டீ நிறச் சேலை.

ஆனால் எனக்கு வேறு காரணம் உண்டு. இதை எங்கும் எழுதியதில்லை.

எங்கள் வீட்டில் பெரியத்தை இருந்தார், அப்பாவுக்கு மூத்தவர். பதினேழு வயதில் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவர். அவருடைய இடம் இரண்டாம் கட்டு. முற்றத்துக்கு அந்தப் பக்கம், பத்தாயம் இருந்த தாழ்வாரம். பகலில் அவரைப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. இரவில் எல்லோரும் படுத்த பிறகு அந்தப் பக்கம் சிம்னி விளக்கு நகரும். வெள்ளைச் சேலை ஒன்று தூணுக்குத் தூண் மறைந்து மறைந்து போகும். சலங்கை போல் மெல்லிய சத்தம் கேட்கும், நிற்கும், மறுபடி கேட்கும். கூடவே ஒரு முனகல். பாட்டா, அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத முனகல். நான் போர்வைக்குள் சுருண்டுகொள்வேன்.

பிறகு கொட்டகையில் ‘யார் நீ’ படத்தில் ‘நானே வருவேன்’ என்று சுசீலாவின் குரல் எழும்போது ஊரே நடுங்கியது. எனக்கு அந்தப் பெண்ணை ஏற்கெனவே தெரியும். படத்தில் அவளைத் தேடி ஒருவன் இருட்டுக்குள் ஓடுகிறான். எங்கள் வீட்டில் யாரும் முற்றத்தைத் தாண்டியதில்லை.

நவம்பர் 12, காலை 8.05

கும்பகோணத்து அம்மையார் ஒருவர், ‘அந்தக் காலத்தில் கணவரை இழந்தவர் காலில் சலங்கையா?’ என்று கேட்டிருக்கிறார். நான் காதில் கேட்டதைச் சொன்னேன். விளக்கம் என்னிடம் இல்லை.

நவம்பர் 14, இரவு 10.10

‘பார்கவி நிலையம்’ பற்றி எழுதுகிறேன் என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது. ‘நெஞ்சம் மறப்பதில்லை’க்கு ஒளிப்பதிவு செய்த வின்சென்ட் அடுத்த வருடம், 1964இல், முதன்முதலாக இயக்கிய படம். வைக்கம் முகம்மது பஷீர் தன் சிறுகதையை வைத்துத் தானே திரைக்கதை எழுதினார். எழுத்தாளன் ஒருவன் குறைந்த வாடகைக்குப் பாழடைந்த வீட்டுக்குக் குடிவருகிறான். அங்கே பார்கவி என்ற பெண்ணின் ஆவி இருக்கிறதென்று ஊர் சொல்கிறது. அவன் ஓடவில்லை, மந்திரவாதியைக் கூப்பிடவில்லை. அவளோடு பேசுகிறான். கண்ணுக்குத் தெரியாதவளிடம் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போல மரியாதையாக, வேடிக்கையாகப் பேசுகிறான். அவள் கதையை எழுதி அவளுக்கே படித்துக்காட்டுகிறான்.

உலகத்தில் எத்தனையோ பேய் வீட்டுப் படங்கள். பேயை நலம் விசாரித்த படம் எனக்குத் தெரிந்து இதுதான். இதைப் பார்த்த அன்று இரவு பெரியத்தை நினைவு வந்து தூங்கவில்லை. நாங்கள் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

‘மஹல்’ படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டின் இசைத்தட்டில் முதலில் அவர் பெயர் இல்லை. ‘காமினி’ என்று கதாபாத்திரத்தின் பெயரைத்தான் போட்டார்கள். யார் பாடியது என்று கேட்டு வானொலிக்குக் கடிதம் வந்து குவிந்த பிறகே பெயர் தெரிந்தது. குரல் தூரத்திலிருந்து நெருங்கி வருவது போல இருக்க வேண்டும் என்று, மைக்குக்குத் தள்ளி நின்று பாடத் தொடங்கி நடந்து வந்தாராம். பெயரில்லாத குரல், தூரத்திலிருந்து. பெரியத்தையின் முனகலும் எனக்கு அப்படித்தான்.

நவம்பர் 17, இரவு 9.15

அக்கா கொரடாச்சேரியிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். என்னைவிட 7 வயது மூத்தவர். அவருடைய பேரன் நான் எழுதியதை எல்லாம் வாசித்துக் காட்டியிருக்கிறான். நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

“பெரியத்தை வெள்ளைச் சேலை கட்டினார் என்று யார் உனக்குச் சொன்னது?”

“நான் பார்த்தேன் அக்கா.”

“வெங்காயச் சருகு நிறம். இரண்டு சேலை, இரண்டும் அதே நிறம். மன்னார்குடியில் எடுத்தது. வெள்ளை கட்ட மாட்டேன் என்று தாத்தாவிடம் சண்டை போட்டு வாங்கிக் கட்டியவர். அவர் போன பிறகு என் பெரியவனுக்குத் தூளி கட்டியதே அந்தச் சேலையில்தான்.”

போட்டோவைத் தேடி எடுத்தேன். பெரியத்தை இருக்கும் ஒரே படம், ஸ்டுடியோவில் எடுத்தது. அதில் வெள்ளையாகத்தான் இருக்கிறது. சொன்னேன்.

“அந்தப் போட்டோவில் என் மஞ்சள் பாவாடையும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. பார்.”

பார்த்தேன். இருக்கிறது.

“சலங்கை என்று வேறு எழுதியிருக்கிறாய். இடுப்பில் சாவிக்கொத்து. பத்தாயம், மச்சு, உக்கிராண அறை எல்லாச் சாவியும் அவரிடம்தான். அம்மா கேட்டால்கூடக் கொடுக்க மாட்டார்.”

“முனகல்?”

“முனகலா? கணக்கு. அன்றைக்குக் கூலி அளந்தது போக மிச்சம் எத்தனை மரக்கால் என்று இரவில் சரிபார்ப்பார். ஒன்று என்று சொல்லாமல் லாபம், இரண்டு, மூன்று என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவார். தப்பினால் முதலிலிருந்து எண்ணுவார். அப்பா அவரிடம் கேட்காமல் ஒரு மூட்டை விற்றதில்லை. பகலில் பார்த்ததே இல்லையாம்! பகலெல்லாம் களத்தில் நின்றால் வீட்டில் எப்படிப் பார்ப்பாய்?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான்.

“ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறாயாமே. பேசினால் அவருக்கு எண்ணிக்கை தப்பிவிடும், அதனால் யாரும் பேச மாட்டோம். எழுதியதைத் திருத்து.”

நவம்பர் 18, காலை 6.40

திருத்தம்: நவம்பர் 11ஆம் தேதிக் குறிப்பில் ‘வெள்ளைச் சேலை’ என்று இருப்பதை ‘வெங்காயச் சருகு நிறச் சேலை’ என்றும், ‘சலங்கை போல்’ என்பதைச் ‘சாவிக்கொத்து’ என்றும், ‘முனகல்’ என்று வரும் இடங்களில் எல்லாம் ‘கணக்கு’ என்றும் மாற்றிப் படிக்கவும். போர்வைக்குள் சுருண்டது மட்டும் சரி.